மேற்படிப்பு வாசலில் ஒரு சுங்கச்சாவடி

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தை எட்டுவதற்கு முன், கப்பலூரில் ஒரு சுங்கச்சாவடி நிற்கிறது. நகராட்சி எல்லையை ஒட்டிச் சாவடி அமைத்து, அன்றாடம் சொந்த வேலையாகப் போய்வருவோரிடமும் தீர்வை வசூலிப்பது நியாயமல்லவென்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் பல ஆண்டுகளாகக் கிளர்ச்சி செய்து வந்திருக்கின்றனர். 2024 ஜூலையிலும் அச்சாவடி முற்றுகைக்கு உள்ளாயிற்று. அக்கிளர்ச்சியின் நியாயங்களை நாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதே கப்பலூர் வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு சாவடியும் இருக்கிறது. அதை எதிர்த்து முற்றுகையும் இல்லை, கோஷமும் இல்லை. கணினி விஞ்ஞானத்தில் மேற்பட்டம் பெற விண்ணப்பம் போடும் ஏழை, நடுத்தரக் குடும்பத்து வாலிபர்களிடமும் பெண்களிடமும் அது வசூலிக்கும் தீர்வையைப் பற்றியே இன்று நாம் எழுதுகிறோம்.

விண்ணப்பம் போடுவது அவரவர் சொந்த விஷயமாயிற்றே, அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவனுக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அவனுடைய சொந்த விஷயமே. ஆனால் ஒரு ஜில்லாவின் பிள்ளைகளில் பெரும்பகுதியினர், தகுதி இருந்தும், மனுப் போடும் கட்டத்திலேயே நின்றுவிடுவார்களானால் அது தேசத்தின் விஷயமாகிறது. பரீட்சையில் தோற்றவர்களின் கணக்கு எங்கேனும் ஓரிடத்தில் இருக்கும். மனுவே போடாதவர்களின் கணக்கு எந்தக் கச்சேரியிலும் இல்லை. அந்தக் கணக்கில்லாத நஷ்டத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கப்பலூர் வெறும் சாவடிக்குப் பெயர்போன ஊரல்ல. கருமுத்து தியாகராஜ செட்டியார் 1936-இல் நிறுவிய தியாகராஜர் பஞ்சாலை அங்கேதான் இருக்கிறது. சிறு தொழிற்சாலைகள் நிறைந்த தொழிற்பேட்டையும் அங்கே உண்டு. சுதேசித் தொழில் வளர வேண்டுமென்று பாடுபட்ட அப்பெரியார், ‘தமிழ்நாடு’ என்ற தினசரியையும் நடத்தியவர். ஆலையில் ஈட்டிய பொருளைக் கல்விக்குச் செலவிட்டவர். திருப்பரங்குன்றத்தில் 1957-இல் அவர் ஏற்படுத்திய பொறியியற் கல்லூரி இன்று கணினித் துறையில் எம்.இ. பட்டம் வரையில் கற்பிக்கிறது. ஆலையும் கலாசாலையும் ஒரே கையால் ஊன்றப்பட்ட வட்டாரம் இது. வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் எல்காட் நிறுவனம் தகவல் தொழில்நுட்பப் பேட்டைகளை அமைத்திருக்கிறது. ஆகவே கணினி என்பது இங்கே அந்நிய வஸ்துவன்று. அதை இயக்கக் கற்றவர்கள் நிரம்ப இருக்கிறார்கள். அதன் உள்தத்துவத்தை ஆராய்ந்து புதியது செய்யக் கற்றவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. அந்தக் கல்வி மேற்பட்டத்தில்தான் ஆரம்பமாகிறது.

அதற்குச் செல்லும் பாதைகள் மூன்று. முதலாவது, நமது ராஜ்யத்துக்குள்ளேயே உள்ளது. எம்.இ., எம்.டெக். வகுப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் ‘சீட்டா’ என்ற பொது நுழைவுப் பரீட்சையை நடத்தி வருகிறது. எம்.சி.ஏ. வகுப்புக்கு ‘டான்செட்’ என்ற பரீட்சை. இரண்டாவது பாதை ‘கேட்’ என்ற அகில இந்தியப் பரீட்சை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் என்.ஐ.டி.க்களும் பெரும்பாலும் இதன் வழியாகவே ஆள் எடுக்கின்றன. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள். பெற்ற மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். தேறி எம்.டெக். சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உபகாரச் சம்பளமும் உண்டு. மூன்றாவது பாதை கடல் கடந்து செல்வது. இம்மூன்றிலும் தீர்வை இருக்கிறது, அளவில்தான் வித்தியாசம்.

முதல் தீர்வை பாஷையினால் வருவது. ‘கேட்’ பரீட்சையின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகிறது. இளநிலைப் பொறியியலுக்கான ஜே.இ.இ. முதற்கட்டப் பரீட்சையோ 2021 முதல் தமிழ் உள்பட 13 பாஷைகளில் நடந்து வருகிறது. பதினெட்டு வயதில் தமிழில் கேள்வி கேட்கப்படும் உரிமை பெற்ற மாணவன், இருபத்திரண்டு வயதில் அதை இழப்பானேன்? கணினி விஞ்ஞானத்தின் கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலம் கட்டாயமென்பர். கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டு, கேள்வியின் வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே அச்சிடுவதில் என்ன இடையூறு? தனிநிலைக் கணிதத்திலும் நிரல் வகுக்கும் முறையிலும் கேட்கப்படும் கேள்விகள் பல, ஒரு நீண்ட வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொள்வதையே பொறுத்திருக்கின்றன. ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு ஆங்கிலம் அவசியமே. ஆனால் கணித புத்தியைச் சோதிக்க வந்த பரீட்சை, அதை விட்டுவிட்டு ஆங்கில வாக்கியப் பயிற்சியைச் சோதிப்பது தன் நோக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்வதாகும்.

இரண்டாவது தீர்வை அறியாமையினால் வருவது. இதுவே மிகவும் கொடியது என்பது நமது அபிப்பிராயம். பொறியியற் கல்லூரியின் கட்டணத்துக்கு அஞ்சிய குடும்பங்கள் தம் பிள்ளைகளைக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணினி வகுப்பில் சேர்க்கின்றன. மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்களும் ‘கேட்’ எழுதலாமென்று விதி இருப்பதைக் கண்டு, அவர்களில் சிலர் கட்டணம் செலுத்தி, இரவு பகலாய்ப் படித்துத் தேறியும் விடுகின்றனர். அதன் பின்னரே, எம்.டெக். வகுப்புக்கு நான்காண்டுப் பட்டமோ அல்லது எம்.எஸ்ஸி., எம்.சி.ஏ. பட்டமோ வேண்டுமென்று பெரும்பாலான ஐ.ஐ.டி.க்கள் விதித்திருப்பது தெரிய வருகிறது! பரீட்சை எழுதத் தகுதி வேறு. வகுப்பில் சேரத் தகுதி வேறு. அமெரிக்க சர்வகலாசாலைகள் பலவும் நான்காண்டுப் படிப்பையே கேட்கின்றன. இதை முதலாண்டிலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், அம்மாணவன் ‘டான்செட்’ எழுதி எம்.சி.ஏ. சேர்ந்திருப்பான். அப்படிப்பு மூன்றாண்டிலிருந்து 2020-இல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அல்லது தனியே நுழைவுப் பரீட்சை நடத்தும் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் எம்.எஸ்ஸி. வகுப்புக்கு முயன்றிருப்பான். கணிதத்தில் ருசியுள்ளவனுக்கு அது போன்ற இடம் தேசத்தில் மிகச் சிலவே. ஆனால் அப்படியொரு ஸ்தாபனம் இருப்பதே நம் வட்டாரத்துக் கலைக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது தீர்வை ரொக்கமாகவே வாங்கப்படுவது. 2026-ஆம் ஆண்டுக் ‘கேட்’ பரீட்சைக்கு, தாளொன்றுக்கு 2,000 ரூபாய் விதிக்கப்பட்டது. பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பாதி. இது பெரிய தொகையன்று என்பவர்கள் கூலிக்காரர் வீட்டுக் கணக்கைப் பார்த்ததில்லை. ஆயினும் அயல்நாட்டு மனுவுக்கு முன் இது ஒன்றுமேயில்லை. அமெரிக்காவுக்கு மனுச் செய்யும் ஒருவனின் செலவைப் பாருங்கள். ஜி.ஆர்.இ. பரீட்சைக்கு 220 டாலர். இப்பரீட்சையைப் பல துறைகள் இப்போது கைவிட்டுவிட்டன என்பது சற்று ஆறுதல். எட்டு சர்வகலாசாலைகளுக்கு, சராசரி 100 டாலர் வீதம் வைத்தால், மனுக் கட்டணம் 800 டாலர். டாலர் 85 ரூபாய் என்று குறைத்து மதித்தாலும், இவ்விரண்டுக்கு மட்டும் 86,700 ரூபாய் ஆகிறது. ஆங்கிலப் பரீட்சைக்குத் தனிக் கட்டணம். இடம் கிடைத்த பிறகு மாணவர் பதிவுக்கு 350 டாலரும் விசாவுக்கு 185 டாலரும் கட்ட வேண்டும். எட்டிலும் இடமில்லை என்று பதில் வந்தால், கட்டிய பணத்தில் ஒரு காசும் திரும்பாது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நம் தேசத்தில் மேற்படிப்புக்கு உதவியே இல்லையென்று சொல்வதற்கில்லை. பாங்குகள் கல்விக் கடன் கொடுக்கின்றன. பட்டியல் வகுப்பு மாணவர்கள் அயல்நாடு சென்று படிக்க மத்திய சர்க்காரிடமும் நமது ராஜ்ய சர்க்காரிடமும் திட்டங்கள் இருக்கின்றன. ‘கேட்’ தேறியவர்களுக்கு உபகாரச் சம்பளம் இருக்கிறது. இவை யாவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இடம் கிடைத்த பிறகே மாணவனை நோக்கிக் கை நீட்டுகின்றன. சாவடிக்கு அப்பால் தண்ணீர்ப்பந்தல் வைத்திருக்கிறார்கள். சாவடியைக் கடக்க வழியற்றவனுக்கு அது என்ன பிரயோஜனம்? மனுப் போடும் வேளையில் அவன் பக்கத்தில் ஒருவருமில்லை.

ஒருவருமில்லை என்று சொன்னோம், தரகர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை என்று பலகை மாட்டிய கடைகள் மதுரையில் வீதிதோறும் தோன்றிவிட்டன. அவர்களில் யோக்கியர்களும் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் தொழிலின் அமைப்பை அறிந்து அடியெடுத்து வைக்க வேண்டும். இக்கடைகளில் பல, மாணவனைச் சேர்த்துவிடுவதற்காக அயல்நாட்டுக் கலாசாலைகளிடம் கமிஷன் பெறுகின்றன. ஆலோசனை இலவசம் என்றால் அதற்கு வேறு யாரோ கூலி கொடுக்கிறார்கள் என்றுதான் பொருள். சிறந்த சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை கமிஷன் கொடுத்து ஆள் பிடிப்பதில்லை. ஆதலால் தரகன் காட்டும் பட்டியலில் அவற்றின் பெயர்கள் கடைசியில் வரும். அல்லது வராமலே போகும். மனுவுடன் அனுப்ப வேண்டிய ‘நோக்க உரை’யையும் இவர்களே நூற்றுக்கணக்கில் வார்த்துக் கொடுக்கின்றனர். ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளை வாசித்து அலுத்தவர்களே மறுமுனையில் அமர்ந்திருக்கின்றனர் என்பதை நம் வாலிபர்கள் அறிவதில்லை.

நான்காவது தீர்வை சிபாரிசுக் கடிதம். மாணவனை அறிந்த ஆசிரியர் இருவர் அல்லது மூவர், அவனுடைய புத்தி எத்தகையது, எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தான் என்று எழுத வேண்டும். நம் கலாசாலைகள் பலவற்றில் நடப்பதென்ன? மாணவனே கடிதத்தை எழுதிக்கொண்டு வருவதும், ஆசிரியர் வாசியாமலே கையெழுத்திடுவதும் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்களை மட்டும் நாம் குறை சொல்ல மாட்டோம். வகுப்பில் அறுபது பேர். வாரம் முழுதும் பாடம். அதன் மேல் கணக்கெழுதும் வேலைகள். ஆனால் இந்த அசிரத்தையின் பலன் மாணவன் தலையில் விடிகிறது. பெரிய நகரத்துப் பெரிய கலாசாலையில், ஆசிரியருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டவன் உயிருள்ள கடிதத்துடன் போகிறான். நம் பிள்ளை, ‘நல்லவன், கடின உழைப்பாளி’ என்ற இரண்டு சொற்களுடன் போகிறான்.

சிபாரிசுக் கடிதத்தின் மகிமையைத் தமிழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? கும்பகோணம் சர்க்கார் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். பட்டம் என்று ஒன்றும் இல்லாமல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1913 ஜனவரி 16-ஆம் தேதி அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் பிரசித்தமானது. ஆனால் அக்கடிதத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் அவருக்காக எழுதினார்கள், பேசினார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நெல்லூர்க் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவ் ஆதரித்தார். துறைமுகத்தில் நாராயண ஐயரும் தலைவர் ஸ்பிரிங் துரையும் முயன்றனர். வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை சர்வகலாசாலைக்கு எழுதினார். பட்டமில்லாத அக்குமாஸ்தாவுக்கு சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். ராமானுஜனின் மேதை அவருக்கே உரியது. அதை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் வாசலைத் திறந்தவை, அவரை அறிந்தவர்கள் சிரத்தையுடன் எழுதிய கடிதங்களே. நம் கலாசாலைகளில் வாசியாமற் கையெழுத்திடும் ஒவ்வோர் ஆசிரியரும் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அயல்நாடு செல்வது தேசத் துரோகம் என்று சொல்பவர்கள் கட்சியில் நாம் இல்லை. பரோடா மன்னரின் உபகாரச் சம்பளத்தில் 1913-இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்ற அம்பேத்கர் திரும்பி வந்து இத்தேசத்தின் அரசியல் சாசனத்தை வகுத்தார். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, ஆஸ்திரேலியாவில் மேற்பட்டமும் பின்னர் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டமும் பெற்று, கணினி விஞ்ஞானத்தின் தலையாய பரிசான டூரிங் விருதை 1994-இல் அடைந்தார். அறிவு எங்கே இருந்தாலும் சென்று கொண்டுவரலாம். ஆனால் ஒரே வாசலை நம்பி நிற்பதன் அபாயத்தைச் சமீப வருஷங்கள் காட்டிவிட்டன. 2023-24-ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியர் 3,31,602 பேர். சீனத்தையும் மிஞ்சி இந்தியா முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டே, 2025 மே மாத இறுதியில், மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் குறிப்பதை அந்நாட்டு சர்க்கார் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில், வேலைக்கான எச்-1பி விசாவுக்குப் புதிதாக மனுச் செய்யும் கம்பெனி 1,00,000 டாலர் செலுத்த வேண்டுமென்று பிரகடனம் வந்தது. வேலை பார்த்துக் கடனடைக்கலாம் என்று வீட்டையும் நிலத்தையும் ஈடு வைத்துச் சென்றவர்களின் கணக்கு ஒரே நாளில் பிசகிப் போயிற்று. அந்நியர் வீட்டுக் கதவு அந்நியர் விருப்பப்படிதான் திறக்கும். அது குறித்து அவர்களை நொந்து பயனில்லை. நம் வீட்டு வாசல்களை நாம் அகலப்படுத்தியிருக்கிறோமா என்பதே கேள்வி.

அகலப்படுத்த வேண்டிய அவசரம் நம் பாஷைக்கே உண்டு. யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் 1991-இல் தமிழ் இடம்பெற்றது. 1999-இல் ‘தமிழ் 99’ விசைப்பலகை முறை ஏற்பட்டது. அறிந்தவர்கள் உழைத்தபடியால்தான் இன்று தமிழன் கைப்பேசியில் தமிழில் எழுதுகிறான். இப்பொழுது இயந்திரங்கள் மொழியைக் கற்கும் காலம் வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ போன்ற குழுக்கள் இந்திய பாஷைகளுக்காக உழைக்கின்றன. ஆனால் உசிலம்பட்டிப் பேச்சும் மேலூர்ப் பேச்சும் இயந்திரத்துக்கு விளங்க வேண்டுமானால், அவ்வூர்ப் பிள்ளைகள் அந்த ஆராய்ச்சிச் சாலைகளில் அமர வேண்டும். வாசலில் அவர்களை நிறுத்திவிட்டுத் தமிழின் எதிர்காலத்தைப் பற்றி மேடையில் முழங்குவதில் பொருளில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைத் திட்டமாகச் சொல்கிறோம். தேர்ந்த பரீட்சைகளின் மனுக் கட்டணத்தை, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு ராஜ்ய சர்க்கார் முன்கூட்டியே செலுத்த வேண்டும். மேற்படிப்புக்கென ஒதுக்கும் தொகையில் இது ஒரு துளியே. ‘கேட்’ வினாத்தாளைத் தமிழிலும் அச்சிடும்படி நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் வற்புறுத்த வேண்டும். ஒவ்வொரு கலைக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும், எந்தப் பட்டத்துக்கு எந்த வாசல் திறக்கும், எது திறக்காது என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்து மூலமாக அறிவிக்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் எழுதுவதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகக் கணக்கிட்டு, அதற்கு நேரமும் ஒதுக்க வேண்டும். கப்பலூர், திருமங்கலம், திருப்பரங்குன்றம் வட்டாரத்து ஆலை முதலாளிகளும் தொழிற்பேட்டை முதலாளிகளும், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மனுக் கட்டண நிதியொன்றை ஏற்படுத்துவார்களானால், ஆலைப் பணத்தில் கலாசாலை கண்ட பெரியாரின் வழியைப் பின்பற்றியவர்களாவார்கள்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பகங்களும் வாசகசாலைகளும் நடத்துகிறீர்கள். ஆகஸ்ட் மாதம் ‘கேட்’ மனுக்கள் ஆரம்பிக்கும் வேளையில், ஊரில் ஏற்கெனவே மேற்பட்டம் பெற்ற ஒருவரை அழைத்து, வாரம் ஒரு மாலை மாணவர்களுக்கு வழி சொல்லச் செய்யுங்கள். தரகன் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் செய்தியை நீங்கள் தர்மமாகக் கொடுக்கலாம்.

மாணவர்களே! மூன்றாம் ஆண்டிலேயே ‘கேட்’ எழுத விதி இடம் தருகிறது. கடைசி ஆண்டு வரையில் காத்திராதீர்கள். நோக்க உரையை நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தாலும் அது உங்கள் குரல். உங்களை அறிந்த ஆசிரியரிடம் உங்கள் வேலையைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் கையாலேயே எழுதும்படி கேளுங்கள், கேட்பதில் அவமானமில்லை. ஒரு வாசல் மூடினால் மற்றொன்றை விசாரியுங்கள்.

நெடுஞ்சாலைச் சாவடியை எதிர்த்துத் திரண்ட ஜனங்கள், தம் பிள்ளைகளின் பாதையில் நிற்கும் சாவடியையும் கண் திறந்து பார்க்க வேண்டும். பணமும் பரிச்சயமும் பெற்றவனுக்கு மட்டும் திறக்கும் வாசலைத் தகுதி வாசல் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். சாவடி நீங்கட்டும், பிள்ளைகள் தம் தகுதியைக் கொண்டு உள்ளே போகட்டும்.